மதுரையைச் சுத்தி ஒரே ஞாயித்துக்கிழமையில ஆறு மலை: பைக்ல முடியுங்களா?

கோவைப்பையன்350 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர்ல இருந்து மாற்றலாகி மதுரைக்கு வந்திருக்கேன். பேங்க் வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் முழுசா கையில கிடைக்குது. வண்டி ஹன்டர் 350. ஊர்ல இருந்தப்ப வால்பாறை, கொல்லிமலைன்னு வளைவு வளைவா ஓட்டிப் பழக்கம். இங்க அந்த மாதிரி ரோடு பக்கத்துல இல்ல. ஆனா கீழடி அருங்காட்சியகம் போய்ப் பார்த்ததுல இருந்து மண்டைக்குள்ள வேற ஒண்ணு ஓடுது. பானை ஓட்டுல கீறியிருந்த பேரெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பார்த்தேன். அதே எழுத்து மதுரையைச் சுத்தி மலை மலையா வெட்டவெளியிலயே இருக்குன்னு அங்க ஒருத்தர் சொன்னாரு.

அதான் ஒரு பிளான் போட்டிருக்கேன். காலைல 6 மணிக்குக் கிளம்பி ஆனைமலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, திருவாதவூர், அப்படியே வீடு. மேப்ல பார்த்தா தூரம் ஒண்ணும் பெருசா இல்ல. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிட முடியுங்களா? இல்ல ரெண்டு நாளாப் பிரிக்கணுமா?

இன்னொண்ணு. நெட்ல தேடினா எல்லா இடத்துக்கும் "சமணர் படுகை"ன்னு ஒரே மாதிரி போட்டோதான் வருது. வழுவழுன்னு நாலு படுக்கை, மேல ஒரு பாறை. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன வித்தியாசம், எதை விட்டாலும் பரவால்ல, எதை விடக்கூடாதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தூங்காநகரத்தான் எழுதியது:

தாராளமா முடியும். ஒருதடவை ஆறும் போயிட்டு வாங்க. ராத்திரி போட்டோவை எடுத்துப் பார்த்தா எது எந்த மலைன்னு உங்களுக்கே தெரியாது.

மேலூர்பட்டறை எழுதியது:

தம்பி, எனக்கு மேலூர்ல டூவீலர் பட்டறை. நீங்க சொன்ன ஆறுல அஞ்சு இடம் நம்ம பட்டறையில இருந்து கூப்பிடு தூரந்தான். அதனால கொஞ்சம் உரிமையா சொல்றேன், அந்த பிளானைக் கிழிச்சுப் போடுங்க. வண்டிக்கு அது ஒரு தூரமே இல்ல. மலை ஏறி இறங்குறதுதான் நேரம் பிடிக்கும், எழுத்தைக் கண்டுபிடிக்குறது அதைவிட நேரம் பிடிக்கும். 11 மணிக்கு மேல பாறையில கால வைக்க முடியாது, எழுத்தும் தெரியாது. ஒரு நாளைக்கு ரெண்டு மலை, அதுலயும் ஒண்ணு சின்னதா இருக்கணும்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னீங்கள்ல, படுக்கையை மட்டும் பார்த்தா அப்படித்தான் இருக்கும். நான் பண்றது என்னன்னா, இடத்தைத் தேடிப் போறதில்ல, ஆளைத் தேடிப் போறது. அந்தக் கல்வெட்டுல முக்கால்வாசி யாரோ ஒருத்தர் பேருதான். இன்ன ஊரு, இன்ன தொழிலு, இன்னார் வெட்டிக் கொடுத்தாருங்கிற அளவுதான், ஒண்ணு ரெண்டு வரி. அந்தப் பேரைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா ஒவ்வொரு மலையும் வேற வேற ஆளு வீடு.

கீழவளவுல பாருங்க. மேலூர்ல இருந்து திருப்பத்தூர் ரோட்டைப் பிடிச்சா கொஞ்ச தூரத்துல வந்துரும். பஞ்சபாண்டவர் மலைன்னு கேளுங்க. அங்க பள்ளி (சமணத் துறவிக தங்குற குகைப் படுக்கை) வெட்டிக் கொடுத்தவர் தொண்டிக்காரர். நம்ம கடற்கரைத் தொண்டிதான். அங்கிட்டு இருந்து இங்கிட்டு வந்து ஒரு குகைக்குக் காசு போட்டிருக்கார்னா சும்மா வந்திருக்க மாட்டாரு, யாவாரத்துக்குப் போற வர்ற வழியாத்தான் இருந்திருக்கும். அந்த எழுத்தை வெட்டின ஆளு வேற என்ன நெனப்புல இருந்தாரோ, வலமிருந்து இடமா, எழுத்துகளையும் தலைகீழாத் திருப்பி வெட்டியிருக்காரு. போன்ல போட்டோ எடுத்துத் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் பாறையைப் பாருங்க, சுளுவாப் பிடிபடும். அந்த மலைக்குப் போறப்ப சுத்துமுத்தும் பாறை சதுரம் சதுரமா அறுபட்டுக் கெடக்கும். கிரானைட் குவாரி. அதைப் பத்தி எழுத ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், விடுங்க.

அழகர்மலையை உங்க லிஸ்டுலயே காணோம். அதைத்தான் நான் முதல்ல சொல்லுவேன். கோயில் பக்கம் இல்ல, கிடாரிப்பட்டிப் பக்கமா ஏறணும். குகைக்குள்ள சுனை இருக்கு. அங்க ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, ஒரு கடைவீதியே கையெழுத்துப் போட்டிருக்கு. உப்பு வணிகன் வியகன்னு ஒருத்தர், கொழு விக்கிறவர் ஒருத்தர் (ஏர்க்கொழுதான்), துணி யாவாரி ஒருத்தர், மதுரைப் பொன்கொல்லர் ஒருத்தர். ராசா பேரு இல்ல, பட்டம் பதவி இல்ல. உப்பு வித்தவரும் தங்கம் அடிச்சவரும் ஒரே பாறையில. 2,000 வருசத்துக்கு முந்தி மதுரையில யார் யாரு கடை போட்டிருந்தாங்கன்னு இதைவிட நேராச் சொல்ற இடம் எனக்குத் தெரிஞ்சு வேற கெடையாது.

ராசா வேணும்னா மாங்குளம். 1882-ல ராபர்ட் சீவல்ங்கிற வெள்ளைக்கார அதிகாரி கண்ணுல பட்டது அது. பாண்டியன் நெடுஞ்செழியனோட பணியாள் கடலன் வழுதி, கணி நந்தாசிரியர்ங்கிற சமணத் துறவிக்குப் பள்ளி வெட்டிக் கொடுத்ததைச் சொல்லுது. வெள்ளறை நிகமத்தார்னு ஒரு யாவாரிகள் சங்கமும் அதே மலையில வருது. அதனால அங்கயும் கடைக்காரவுக கணக்கு இருக்கத்தான் செய்யுது. ஒரு விசயம், மேப்ல மாங்குளம்னு போட்டுப் போனா மாங்குளம் ஊருக்குள்ள கொண்டுபோய் விட்ரும். மலை இருக்கிறது மீனாட்சிபுரத்துல. ஏத்தமும் கொஞ்சம் கடுசு. அங்க போற அன்னைக்கு வேற ஒண்ணும் வச்சுக்காதீங்க.

எழுத்து எங்க இருக்கும்னு கேட்டா, குகை நெத்தியைப் பாருங்க. மழைத்தண்ணி உள்ள வழியாம இருக்க, பாறையோட விளிம்புல நீளமா ஒரு காடி வெட்டியிருப்பாங்க. அதை ஒட்டித்தான் பெரும்பாலும் எழுத்து. ஆளுயரத்துக்கு மேல இருக்கும், கழுத்து வலிக்கும். உச்சி வெயில்ல பார்த்தா வெறும் பாறைதான். காலைல இல்லாட்டி சாயந்தரம், வெயில் சாய்வா விழும்போது பள்ளத்துல நெழல் கட்டும், அப்பத்தான் எழுத்து எந்திரிச்சு நிக்கும். குகை நெழல்ல இருந்துச்சுன்னா டார்ச்சு வேணும். நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. பட்டறையில எஞ்சின் ஹெட்டுல விரிசல் தேடுறப்ப லைட்டை ஒரு பக்கமாப் படுக்கப் போட்டு அடிப்போம் பாருங்க, அந்த மாதிரி பாறையோட ஒட்டி வச்சு அடிக்கணும். முதல்ல கூட்டல் குறியைத் தேடுங்க. அது 'க'. அப்புறம் தலைகீழா நிக்கிற ஆங்கில டி மாதிரி ஒண்ணு இருந்தா அது 'ந'. நேர்க்கோடு ஒண்ணே ஒண்ணு நின்னா 'ர'. இந்த மூணு தெரிஞ்சாலே, மீதியை அட்டவணையைப் பார்த்து ஒப்பேத்திரலாம்.

வண்டிக்கு வருவோம். உங்க ஹன்டர் அலாய் வீலா, ஸ்போக்கா? அதைச் சொல்லுங்க, அதுக்குத் தக்கன பேசலாம்.

வைகைக்கரை டீச்சர் எழுதியது:

அண்ணன் சொன்னதுல ஒண்ணை மட்டும் பிரிச்சுச் சொல்லிடறேன், இல்லாட்டி புதுசாப் போறவங்க குழம்பிடுவாங்க. நான் பள்ளிக்கூடத்துல வரலாறு எடுக்கறேன், பசங்களைக் கூட்டிட்டுப் போறப்ப முதல் கேள்வியே இதுதான் வரும்: "டீச்சர், இந்தப் படுக்கையில படுத்தவங்கதான் இந்தச் சாமியைச் செஞ்சாங்களா?"

இல்லை. படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் (தமிழி, அதாவது தமிழ்-பிராமி, தமிழோட பழைய எழுத்து) கி.மு. 2-ம் நூற்றாண்டை ஒட்டி ஆரம்பிக்குது. மேல உட்கார்ந்திருக்கிற தீர்த்தங்கரர் சிற்பங்கள் பெரும்பாலும் கி.பி. 9, 10-ம் நூற்றாண்டு. அதுக்குக் கீழ இருக்கிற எழுத்து, தமிழிக்குப் பின்னால வந்த வட்டெழுத்து. நடுவுல ஏறக்குறைய 1,000 வருஷம். ஒரே பாறையில பக்கத்துப் பக்கத்துல இருக்கறதால நம்ம கண்ணுக்கு ஒண்ணாத் தெரியுது.

அந்த இரண்டாவது காலத்துக்கும் ஒரு ஆள் இருக்கார், அண்ணன் பாணியில சொன்னா. பேரு அச்சணந்தி. சமண முனிவர். அரிட்டாபட்டியில அவர் செய்வித்த திருமேனி இருக்கு. கருங்காலக்குடி, கொங்கர் புளியங்குளம், அழகர்மலைன்னு வரிசையா அவர் பேரு வந்துட்டே இருக்கும். எனக்குப் பிடிச்சது கீழக்குயில்குடி சமணர் மலை. அங்க பேச்சிப்பள்ளத்துல பாறையில வரிசையா எட்டுச் சிற்பம். அதுல ஒண்ணுக்குக் கீழ, அச்சணந்தியோட தாயார் குணமதியார் செய்வித்த திருமேனின்னு இருக்கு. துறவி ஆயிட்டார், ஊர் ஊரா சிலை செய்ய வைக்கறார், அம்மாவும் தன் பங்குக்கு ஒண்ணு. வகுப்புல இதைச் சொன்னா கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

சமணர் மலைக்குப் பெரிய வண்டியெல்லாம் வேண்டாம். நான் ஸ்கூட்டியில போறேன். பல்கலைக்கழகம் போற ரோட்டுல நாகமலை புதுக்கோட்டையில பிரிஞ்சு கீழக்குயில்குடி. அடிவாரத்துல அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக் குளம். வண்டியை அங்க விட்டுட்டு ஏறலாம். மலையோட இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. வெளியில பெரிய மகாவீரர் உட்கார்ந்திருப்பார், ஊர்ல அவரைச் செட்டியார்னுதான் சொல்லுவாங்க. அவரை மட்டும் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க. உள்ள தலையைக் குனிஞ்சு போய் மேல பாருங்க. சிங்கத்து மேல உட்கார்ந்து வில்லை வளைக்கற ஒரு இயக்கி (சமணப் பெண் தெய்வம்), எதிர்ல யானை மேல ஒருத்தன். சின்னச் சிற்பம்தான், ஆனா அந்தச் சிங்கம் யானை மேல பாயறதைப் பாருங்க.

கோவைப்பையன்350 எழுதியது:

ரொம்ப நன்றிங்க அண்ணா, டீச்சர். பிளானைக் கிழிச்சாச்சு. வண்டி அலாய் வீல்தானுங்க, டியூப்லெஸ்.

டீச்சர் ஸ்கூட்டின்னு சொன்னதும் இன்னொரு யோசனை. பொண்ணு நாலாம் கிளாஸ் படிக்கறா, "நானும் வர்றேன்"னு ஒரே அடம். கூட்டிட்டுப் போலாங்களா? அப்புறம், ஊருக்குள்ள போனா யாராச்சும் எதாச்சும் சொல்லுவாங்களா? அரிட்டாபட்டிப் பக்கம் வெளியாளைக் கண்டா கேள்வி கேக்கறாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு.

மேலூர்பட்டறை எழுதியது:

கேக்கத்தான் செய்வாங்க தம்பி. கேக்கணும். 2024 கடைசியில டங்ஸ்டன் சுரங்கம்னு ஏலம் விட்டாங்களே, அதுல அரிட்டாபட்டியும் சுத்துவட்டார ஊர்களும் வந்துச்சு. சட்டசபையில டிசம்பர்ல தீர்மானம் போட்டாங்க, ஜனவரியில ஊர் ஊரா சனம் தெரண்டு மதுரைக்கு நடந்துச்சு. அன்னைக்குப் பட்டறையைப் பூட்டிட்டு நானும்தான் போனேன். மேலூர்ல அன்னைக்கு டீக்கடைகூடத் தெறக்கல. 2025 ஜனவரி 23-ல ஏலத்தை ரத்து பண்ணிட்டாங்க. அதுக்கு முந்தி கிரானைட்டு. வண்டியில வந்து மலையை அண்ணாந்து பார்த்துப் போட்டோ எடுக்குற ஆளுன்னா, அளக்க வந்தவனா, பார்க்க வந்தவனான்னு ஒரு தடவை கேட்டுக்கிடுவாங்க. தப்பில்லையே.

நீங்க பண்ண வேண்டியது இவ்வளவுதான். ஊருக்குள்ள நுழையுறப்ப பைய போங்க, சைலன்சரைக் கழட்டிப் போட்டு டமடமன்னு போகாதீங்க. முதல் டீக்கடையில நிறுத்தி ஒரு டீயைக் குடிச்சுட்டு, "குடவரைக்கு எந்தப் பாதைங்கய்யா?"ன்னு ஒரு பெரியவர்கிட்டக் கேளுங்க. பாதி நாள் அவரே கூட வந்துருவாரு. பாதை மட்டும் இல்ல, எந்தச் சுனையில எப்பத் தண்ணி நிக்கும், எந்தப் பாறையில தேன்கூடு இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும். மேப்ல அதெல்லாம் வராது. தேன்கூடு விசயத்துல வெளையாட்டு வேணாம். மலைத்தேனீ கலைஞ்சா ஓடுறதுக்கு எடம் இருக்காது. கூடு கண்ணுல பட்டா சத்தம் போடாம வந்த வழியே திரும்பிருங்க. சென்ட் அடிச்சுட்டு, புகை விட்டுக்கிட்டு அந்தப் பக்கமே போகக்கூடாது.

அரிட்டாபட்டியில ஒண்ணு கவனிங்க. அங்க பாறையைக் குடைஞ்ச சிவன் கோயில்ல, அதான் குடவரையில, லகுலீசர்னு சிவனோட ஒரு வடிவம் சிற்பமா இருக்கு, தமிழ்நாட்டுல ரொம்ப அபூர்வம். கழிஞ்சமலையோட ஒரு பக்கம் குடவரை, இன்னொரு பக்கம் படுக்கை, தமிழிக் கல்வெட்டு, அச்சணந்தி செய்ய வச்ச தீர்த்தங்கரர். ஒரு மலையையே சுத்தி வந்தா ஏறக்குறைய எல்லாக் காலமும் வந்துரும். 2022-ல அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுல அதான் முதல். வல்லூறு, ராசாளியெல்லாம் அந்தப் பாறையில கூடு கட்டும். அதனால கத்துறது, பாட்டுப் போடுறது வேணாம். டிரோன் பக்கமே போகாதீங்க. அனுமதி இல்லாம பறக்கவிட்டா பறவைக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.

டயர்: டியூப்லெஸ்ஸா, நல்லதாப் போச்சு. இங்க நமக்கு எதிரி சீமைக்கருவேல முள்ளு. கம்மாக்கரை, மலையடிவாரம்னு எங்க பார்த்தாலும் வெட்டிப் போட்டிருப்பாங்க. முள்ளு ஏறுனா பிடுங்காதீங்க! அது அங்க இருக்குற வரைக்கும் காத்துப் பையத்தான் இறங்கும், பிடுங்குனா அந்த எடத்துலயே உக்கார வேண்டியதுதான். முள்ளோடயே மெதுவா ஓட்டிட்டு வந்து ரோட்டோரப் பஞ்சர் கடையில காட்டுங்க. முனை ஒடிஞ்சு உள்ளயே நின்னுக்கிட்டு ஒரு வாரம் கழிச்சுக் காத்து இறக்கும், அதனால வீட்டுக்கு வந்ததும் டயரைச் சுத்திக் கையால தடவிப் பாருங்க. ஸ்போக் வீல் வச்சிருக்கவங்க இதைப் படிச்சா, ஸ்பேர் டியூப் ஒண்ணு சீட்டுக்கு அடியில இருக்கட்டும்.

அடுத்தது, உங்க வண்டி வெயிட்டு. மலையடிவாரத்துல மண்ணு பொதுபொதுன்னு இருக்கும், சைட் ஸ்டாண்டு இறங்கி வண்டி சாஞ்சுரும். அடியில ஒரு தட்டைக் கல்லைக் கொடுத்து நிறுத்துங்க. அந்தக் கல்லு கண்ட கல்லா இருக்கணும். ஒருத்தர் எழுத்து இருந்த துண்டுக் கல்லைத் தூக்கி ஸ்டாண்டுக்குக் கொடுத்ததை இந்தக் கண்ணாலயே பார்த்தேன். நடுகல்லோ, எல்லைக்கல்லோ, என்ன எழவோ! நல்லா இருங்கடான்னு எடுத்து ஓரமா வச்சுட்டு வந்தேன்.

வைகைக்கரை டீச்சர் எழுதியது:

பொண்ணைத் தாராளமாக் கூட்டிட்டு வாங்க. நாலாம் கிளாஸ்னா சமணர் மலை, இல்லாட்டி ஆனைமலை. இந்த ரெண்டுலயும் அடிவாரத்துல ஊரும் கோயிலும் இருக்கு, நடக்கறதுக்கும் அவ்வளவு கஷ்டம் இல்லை. மாங்குளம் இப்ப வேண்டாம்.

ஆனைமலைக்குப் போனா ஒத்தக்கடையில திரும்பி நரசிங்கம். அங்க நரசிங்கப் பெருமாள் குடவரை இருக்கு. பாண்டிய மன்னர் பராந்தக நெடுஞ்சடையனோட அமைச்சர் மாறன்காரி குடைஞ்சது. கலியுக ஆண்டு 3871-ன்னு கணக்கே போட்டு வச்சிருக்காங்க, அதாவது கி.பி. 770. அவர் முடிக்கறதுக்கு முன்னாடி இறந்து போக, தம்பி மாறன் எயினன் முகமண்டபத்தைச் செஞ்சு முடிச்சிருக்கார். பக்கத்துலயே லாடன் கோயில்னு முருகனுக்கு ஒரு சின்னக் குடவரை. மேல ஏறினா சமணச் சிற்பங்கள். அந்த மலையைத் தூரத்துல நெடுஞ்சாலையில இருந்தே பொண்ணுக்குக் காட்டுங்க, படுத்திருக்கற யானைன்னு அவளே சொல்லிடுவா.

பிள்ளைங்களுக்கு ஒரு வேலை கொடுத்துடணும், இல்லாட்டி பத்தே நிமிஷத்துல "போலாமா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நான் ஒரு தாள்ல தமிழி எழுத்துல அவங்கவங்க பேரை எழுதிக் கொடுத்துடுவேன். உங்க பேர்ல இருக்கற எழுத்து பாறையில எங்க இருக்குன்னு கண்டுபிடிங்கன்னு விட்டுட்டா, அதுக்கப்புறம் நாமதான் "போலாமா"ன்னு கேக்கணும்.

எல்லாருக்குமே ஒண்ணு: எழுத்து தெளிவாத் தெரியணும்னு சுண்ணாம்புக்கட்டி, பவுடர், மாவு எதையும் தேய்க்காதீங்க. தண்ணி ஊத்தறதும் வேண்டாம். யாரோ போட்ட பெயின்ட் பல குகையில இன்னிக்கும் போகலை. செட்டிப்புடவுல, பேச்சிப்பள்ளத்துல எல்லாம் காதலர்கள் பேரைக் கிறுக்கி வச்சிருக்கறதைப் பொண்ணு கண்டிப்பாக் கேப்பா. நேராப் பதில் சொல்லிடுங்க.

குத்துக்கல் எழுதியது:

கல்வெட்டியல் படிக்கும் மாணவன். இரண்டு சேர்க்கைகள் மட்டும்.

மாங்குளம் கல்வெட்டைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கி.மு. 2-ம் நூற்றாண்டில் வைத்தார். அதற்கும் முன்னே கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்கு கி.மு. 580 என்று காலம் கிடைத்தபின், 2019-ல் இருந்து அந்தப் பேச்சு கூடிவிட்டது. இன்னும் முடியாத வாதம். மலையில் நின்றுகொண்டு யாராவது ஒரே தேதியை அடித்துச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இரண்டாவது, பட்டறை அண்ணனின் "ஆளைத் தேடு" முறைக்கு ஒரு நல்ல தீனி: முத்துப்பட்டி. சமணர் மலையின் தென்மேற்குக் கோடியில் பெருமாள் மலை என்பார்கள். அங்கே நாகபேரூரைச் சேர்ந்த முசிறி கோடன் இளமகன் என்று ஒரு பெயர் வருகிறது. முசிறி என்றால் சேரர் துறைமுகத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கீழவளவில் கிழக்குக் கரையின் தொண்டி, முத்துப்பட்டியில் மேற்குக் கரையின் முசிறி, நடுவில் மதுரை. மேலூர் பக்கம் ஒரு ஞாயிறு, நாகமலை பக்கம் ஒரு ஞாயிறு போனால் இரண்டு கரையையும் தொட்டுவிடலாம்.

முத்துப்பட்டியோடு அன்றைக்கே கொங்கர் புளியங்குளமும் போகலாம், செக்கானூரணி–திருமங்கலம் சாலையில் இருக்கிறது. உபாசகன் (துறவியல்லாத சமண அடியார்) உபறுவன் என்பவர் கூரை அமைத்துக் கொடுத்ததைச் சொல்லும் சிறு கல்வெட்டு. குகைக்கு முன்னால் பாறையில் குழிகள் தெரிகிறதா என்று பாருங்கள், ஓலைப்பந்தலுக்குக் கால் நட்ட குழிகளாக இருக்கலாம். வெறும் பாறைக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள் என்ற எண்ணம் அங்கே போனால் மாறும்.

கோவைப்பையன்350 எழுதியது:

முசிறி! இது போதுமுங்க எனக்கு. வர்ற ஞாயிறு முத்துப்பட்டியும் புளியங்குளமும், அதுக்கடுத்த வாரம் பொண்ணோட சமணர் மலை.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. புலிமான்கோம்பைன்னு ஒரு ஊர்ல இந்தியாவுலயே பழைய நடுகல் இருக்குன்னு படிச்சேன். ஆண்டிபட்டிப் பக்கம்னு போட்டிருக்கு, நல்ல ரைடு மாதிரி தெரியுது. போலாங்களா?

குத்துக்கல் எழுதியது:

ரைடுக்காகப் போகலாம், கல்லுக்காகப் போகாதீர்கள். 2006-ல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழி எழுத்து பொறித்தவை. ஒன்றில் "கூடல் ஊர் ஆகோள்" என்று இருக்கிறது. கூடலூரில் ஆநிரை (மாட்டு மந்தை) கவர்ந்தபோது இறந்த அந்தவன் என்ற பெயருடைய வீரனுக்கு எடுத்த கல். கற்கள் தஞ்சாவூருக்குப் போய்விட்டன, தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஊரில் போய்க் கேட்டால் கல் இருந்த இடத்தை வேண்டுமானால் காட்டுவார்கள். வைகைக் கரை, வழியெல்லாம் தோப்பு. அதற்காகவே ஒருமுறை போகலாம்.

தூங்காநகரத்தான் எழுதியது:

எல்லாத்தையும் இப்படி வெலாவாரியாப் போட்டாச்சு. நாளைக்கே நாப்பது பேரு ரீல்ஸ் எடுக்கக் கிளம்பி வந்து பாறையில பேரைக் கிறுக்கிட்டுப் போவானுங்க.

மேலூர்பட்டறை எழுதியது:

கிறுக்குறவன் இதைப் படிச்சுட்டா வர்றான்? ஏற்கெனவே கிறுக்கி வச்சிருக்கிறவன் எவனும் உப்பு வணிகன் வியகன் பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். உள்ளூர்லயே, மலையடிவாரத்துலயே பொறந்து வளர்ந்தவன் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிஞ்ச ஊர்லதான் மலையை விடமாட்டோம்னு நின்னாங்க. தெரியட்டும்யா.

தம்பி, முத்துப்பட்டி போயிட்டு வந்து ரெண்டு போட்டோ போடுங்க. அழகர்மலைக்குப் போறப்ப மட்டும் ஒண்ணு. கிடாரிப்பட்டிக்குப் போறதுக்கு முந்தி அழகர்கோயில்ல காலைப் பலகாரத்துக்கு நிறுத்துவீங்க, எல்லாரும் அதான் பண்ணுவாங்க. ஹெல்மெட்டைக் கண்ணாடியில தொங்க விட்டுட்டுப் போயிராதீங்க. அங்க இருக்குற குரங்குக் கூட்டம் உள்ள இருக்குற பஞ்சு முழுக்கப் பிச்சு எடுத்துரும். டேங்க் பேக்குல பழம் கிழம் வச்சிருந்தா ஜிப்பை எல்லாம் தெறக்காது, நேராக் கிழிக்கும். சீட்டு கிழிஞ்சு மாசத்துக்கு நாலு வண்டியாவது நம்ம பட்டறைக்கு வருது. எனக்கு யாவாரந்தான், ஆனாலும் சொல்லிட்டேன்.